மூஸ் வேட்டை எண்டு சொல்லி 11,500 டொலரைச் சுத்திப்போட்டாங்கள், கவனமா இருங்கோ!

நேற்றுப் பின்னேரம், அலாஸ்கா வேட்டைக்கு நான் காசு கட்டின ஏஜென்சியிட்டயிருந்து கடைசி இமெயில் வந்தது. முற்பணம் திருப்பித் தர ஏலாதாம், இனி இந்த விசயமாத் தொடர்புகொள்ள வேண்டாமாம். 11,500 அமெரிக்க டொலர். கனடாக் காசில 15,000க்கு மேல. இரவு நித்திரை இல்லை, அந்தக் கொதியிலதான் எழுதுறன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. எங்கட பொடியள் கனபேர் இப்ப துவக்கு லைசென்ஸ் எடுத்து மான், மூஸ் (மானினத்திலயே பெரிசு) எண்டு போறீங்கள். ஆரும் அலாஸ்காப் பக்கம் யோசிச்சால் இதை வாசிச்சுப்போட்டுக் காசைக் கட்டுங்கோ. என்னென்ன பார்க்கவேணும் எண்டு கடைசியில விபரமாப் போடுறன்.

அவங்கட பேர் போடேல்லை, லோயர் வேண்டாம் எண்டிட்டார். இணையத்தில உலகம் முழுக்க வேட்டைப் பயணம் புக் பண்ணித் தாற ஒரு ஏஜென்சி. அவைக்குச் சொந்தமாக் காம்ப் இல்லை, விமானம் இல்லை, ஒரு கூடாரம்கூட இல்லை. நடுவில நிண்டு கொமிஷன் அடிக்கிறதுதான் தொழில்.

ஏன் அலாஸ்கா எண்டு கேட்பியள். ஒன்ராறியோவில 2021இல இருந்து மூஸ் டாக், அதுதான் ஒரு மூஸ் சுடுறதுக்கான அனுமதி, புள்ளிக் கணக்கிலதான் குடுக்கிறாங்கள். புள்ளி சேர்த்துச் சேர்த்து நல்ல இடத்தில ஒரு ஆண் மூஸ் டாக் எடுக்கிறதுக்குள்ள முழங்கால் போயிடும். கிடைச்சாலும் இஞ்சத்த மூஸ் வேற, அங்கத்த மூஸ் வேற. பூன் அண்ட் குரொக்கெட் எண்ட வேட்டைக் கழகத்தின்ர பதிவுப் புத்தகத்தில கனடா மூஸ் ஏறுறதுக்குக் கொம்பை அளந்து போடுற புள்ளி 195 போதும். அலாஸ்கா-யூக்கன் இனத்துக்கு 224 வேணும். உலகத்திலயே பெரிய மூஸ் அதுதான். சீவியத்தில ஒருக்கா அப்பிடி ஒண்டைப் பார்க்கவேணும் எண்டு காசு சேர்த்து வைச்சிருந்தனான்.

அந்தத் தளத்தில போட்டிருந்தது இப்பிடி: அலாஸ்காவில குஸ்கோக்விம் ஆற்றுப்பக்கம், செப்டெம்பர் நடுப்பகுதி, முழு வழிகாட்டலோட, ஒரு ஆளுக்கு ஒரு கைட், 23,000 டொலர். அரைவாசி முற்பணம். அதுதான் அந்த 11,500.

வீடியோ கோலில வந்தவன் ஒரு தாடிக்காரன். பின்சுவர் முழுக்க ஒரு சோடிக் கொம்பு. டேப்பை ஒரு நுனியில கொளுவி மற்ற நுனிவரைக்கும் இழுத்துக் காட்டினான், 66 அங்குலம். வெளியாக்கள் சுடுற ஆண் மூஸுக்குக் கொம்பு 50 அங்குல அகலம் வேணும், இல்லாட்டி நெத்திப்பக்கம் முன்னுக்கு நீட்டிக்கொண்டு நிக்கிற கிளையில, இடத்தைப் பொறுத்து, மூண்டோ நாலோ முனை இருக்கவேணும் எண்டு விரலால தொட்டுத் தொட்டு எண்ணினான். தண்ணிக்குள்ள நிக்கிற மூஸுக்கு ஒருநாளும் வெடி வைக்காதே, கரைக்கு வரும்வரைக்கும் பொறு, விழுந்தால் இழுக்கிற அலுவல் உன்ர ஆயுசில பாதியைத் திண்டிடும் எண்டான். விமானத்தில போய் இறங்கின அண்டைக்கே சுட ஏலாது, அடுத்த நாள் விடியப்புறம் 3 மணி தாண்டவேணும் எண்டும் சொன்னான். எல்லாம் சரியான கதை. சட்டப் புத்தகத்திலயும் அப்பிடித்தான் கிடக்கு.

பிறகு பேர்ச் மரப்பட்டைக் குழல் ஒண்டை எடுத்து வாயில வைச்சு, பெண் மூஸ் இணை தேடிக் கூப்பிடுற சத்தத்தைப் போட்டான் பாருங்கோ. நீளமா, மூக்கால இழுத்து இழுத்து. குசினிக்குள்ள நிண்ட மனுசி அகப்பையோட ஓடிவந்து "ஆருக்கு என்ன?" எண்டு கேட்டா. நானும் சிரிச்சன், அவனும் சிரிச்சான். அந்தச் சிரிப்போடதான் காசு போனது. கிரெடிட் கார்டில கட்டினால் 3 சதவீதம் கூடவாம், வயரில, அதுதான் பாங்கில இருந்து நேர அவங்கட கணக்குக்கு, அனுப்பினால் அது மிச்சமாம். கைட் ஆர் எண்டு கேட்டதுக்கு மட்டும், "கோடையில அறிவிப்பம், எங்கட கைட் எல்லாரும் முதல்தரம்" எண்டான்.

ஜூலையில என்ர துவக்கைக் கொண்டுபோறதுக்கு துவக்கு விசயம் பார்க்கிற அமெரிக்க ஏடிஎஃப் காரற்ற 6-என்ஐஏ படிவம் நிரப்பவேண்டி வந்தது. அதுக்கு அலாஸ்கா வேட்டை லைசென்ஸும் வேணும் எண்டு அங்கத்த பக்கத்துக்குப் போனால், விதிப்புத்தகத்தில கொட்டை எழுத்தில கிடக்கு: அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டவர் எந்தப் பெரிய மிருகத்தை வேட்டையாடினாலும் லைசென்ஸ் உள்ள கைட் கூட நிக்கவேணும். வேற மாநிலத்து அமெரிக்கனுக்கு மூஸுக்குக் கைட் தேவையில்லை, பழுப்புக் கரடி, டால் ஆடு, மலையாடு மூண்டுக்கும்தான் தேவை. எங்களுக்கு எல்லாத்துக்கும் தேவை. சரி, எனக்குத்தான் கைட் இருக்கே எண்டு, பேரையும் லைசென்ஸ் நம்பரையும் கேட்டு எழுதினன்.

அதில தொடங்கினது கூத்து. முதல் பதில், "இப்ப சீசன், எல்லாரும் காட்டுக்குள்ள." ஜூலையில என்ன மூஸ் சீசன்? கொம்பில மெல்லிய தோல்கூட உரியாத நேரம். பிறகு போன் எடுத்தால் வொய்ஸ்மெயில் நிரம்பிப்போச்சாம். தாடிக்காரன் "இப்ப வேற பிரிவில" எண்டு ஒரு பிள்ளை கதைச்சா. ஒவ்வொரு தடவையும் புக்கிங் நம்பரைத் திருப்பித் திருப்பிக் கேட்பா, "உங்கட கவலை எங்களுக்கு விளங்குது" எண்டுவா, வைச்சிடுவா. விளங்கி என்னத்துக்கு? 11,500 டொலர் என்ர கவலை, அவவுக்கு அது ஒரு ஃபைல்.

விடாமக் கேட்டாப்பிறகு ஒரு லைசென்ஸ் நம்பரை அனுப்பினாங்கள். அலாஸ்கா மாநிலத்தின்ர தொழில் உரிமத் தேடல் பக்கத்தில போட்டுப் பார்த்தன். கைட் இல்லை, டிரான்ஸ்போர்ட்டர்! விளங்காதவைக்குச் சொல்லுறன். டிரான்ஸ்போர்ட்டர் எண்டால் சின்ன விமானத்தில கொண்டுபோய் ஆற்று மணல்திட்டில இறக்கிவிட்டு, சொன்ன நாளில திருப்பி ஏத்துற ஆள். வழிகாட்ட அவருக்குச் சட்டத்தில இடமே இல்லை.

அந்த மனுசனுக்கே போன் எடுத்தன். நல்ல மனுசன், பொறுமையாக் கேட்டார். "நீ அமெரிக்கனா?" எண்டார். கனடியன் எண்டன். "அப்ப உன்னை மூஸ் வேட்டைக்கு ஏத்த ஏலாது தம்பி, என்ர லைசென்ஸ் போயிடும். உன்ர பேரில எனக்கு ஒரு சதமும் வரேல்லை" எண்டு சொல்லிப்போட்டார்.

யோசிச்சுப் பாருங்கோ. நான் ஒண்டும் கேட்காமப் போயிருந்தால் தனியக் கூடாரத்தோட இறக்கி விட்டிருப்பாங்கள். 1,500 இறாத்தல் மூஸ் ஒண்டை விழுத்தியிருந்தால், நாலு தொடைச் சந்து, விலா, கழுத்து எண்டு இறைச்சி முழுக்கத் தனிய வெட்டிச் சுமக்கவேணும். இறைச்சியைக் காட்டில விட்டிட்டுக் கொம்பை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் அங்க குற்றம், அது நியாயமான சட்டம்தான், எனக்கும் கொம்பைவிட இறைச்சியிலதான் கண். ஆனா கைட் இல்லாமச் சுட்டதே களவு வேட்டை. அதைக் கொண்டு எல்லை தாண்டினால், களவா வேட்டையாடினதைக் கடத்துறதுக்கு எதிரான 1900ஆம் ஆண்டு அமெரிக்க லேசி சட்டம் வேற. காசும் குடுத்து, துவக்கும் பறிகுடுத்து, வழக்குக்கும் அலையிறதா?

இதையெல்லாம் எழுதி அனுப்பினதுக்கு முதல் வந்த பதில், இன்னும் 4,000 கட்டினால் அடுத்த வருசம் வேற இடத்துக்கு மாத்தித் தருவினமாம். அதுக்கும் கைட் பேர் இல்லை. மாட்டன், காசைத் தா எண்டன். அதுக்குத்தான் நேற்று வந்த இமெயில். தளத்தில "முழு வழிகாட்டல்" எண்டு போட்டவங்கள், ஒப்பந்தத்தில "உரிமம் பெற்ற நிறுவனத்தின் களச்சேவை" எண்டு எழுதியிருக்கிறாங்கள். எனக்குத் தகுதி இல்லாமப்போனது என்ர குடியுரிமையாலயாம், அதால அது "வாடிக்கையாளர் ரத்து செய்ததாக" கணக்காம். நான் ரொறொன்ரோவில இருந்துதான் புக் பண்ணுறன் எண்டு முதல் கோலிலயே தெரியும் அவனுக்கு. பாஸ்போர்ட் படமும் வாங்கினவன்! எப்பேர்ப்பட்ட சுத்துமாத்து.

பாங்கில கேட்டன், வயர் போய்ச் சேர்ந்தாச்சு, திருப்ப ஏலாது எண்டு கையை விரிச்சிட்டாங்கள். காசு போன கணக்கின்ர பேர்கூட அந்த ஏஜென்சியின்ர பேர் இல்லை.

சரி, விபரமாப் போடுறன் எண்டனான், லோயரிட்டப் போக நேரமாச்சு, சுருக்கமாச் சொல்லுறன். காசு கட்ட முதல் கைட்டின்ர பேரையும் நம்பரையும் வாங்கி, மாநிலப் பக்கத்தில நீங்களே பாருங்கோ. "ரெஜிஸ்டர்ட் கைட்" எண்டு இருக்கவேணும். அசிஸ்டன்ட் கைட்டுக்கு உங்களோட ஒப்பந்தம் போட உரிமை இல்லை. ரெஜிஸ்டர்ட் கைட்டும், மாநிலம் பிரிச்சு வைச்சிருக்கிற வேட்டைப் பகுதியில கூடினது மூண்டுக்குத்தான் பதியலாம், உங்கட இடம் அதில இருக்கோ எண்டு கேளுங்கோ. மூஸோட நிண்டு படம் எடுத்தவன்ர போன் நம்பர் வேண்டாம், வெறுங்கையோட திரும்பினவன்ர நம்பரைக் கேளுங்கோ. வயர் அனுப்பாதேங்கோ, 3 சதவீதம் போனால் போகட்டும், கார்டில கட்டுங்கோ. யூக்கனுக்குப் போறவை, அங்கயும் வெளி மாகாணத்து ஆக்களுக்குச் சும்மா போக ஏலாது, அங்கத்த அரசாங்கப் பட்டியலில உள்ள அவுட்ஃபிட்டரோட (வேட்டைப் பயணத்தைத் தானே நடத்துறவர்) நேர கதையுங்கோ, நடுவில ஒருத்தரும் வேண்டாம்.

மரப்பட்டைக் குழல் ஊதிக் காட்டுற தாடிக்காரனோட ஆரும் வீடியோவில கதைச்சிருந்தால் உடன எனக்கு இன்பொக்சில போடுங்கோ. ரெண்டு மூண்டு பேர் சேர்ந்தால் வழக்குப் போடலாம் எண்டு லோயர் சொல்லுறார். அவங்கட பக்கத்தில அதே செப்டெம்பர் வேட்டை இண்டைக்குக் காலமையும் "இன்னும் ரெண்டு இடம்தான் மிச்சம்" எண்டு கிடக்கு.