மாஸி 241: ஸ்பேர் கடையில் நின்று எடுத்த முடிவு

எங்கள் வீட்டில் டிராக்டர் ஓட்டுவது தம்பி. டீசலில் தொடங்கி ஆயில் சீல் வரைக்கும் கணக்கு எழுதுவது நான். வீடு மணலி புதுநகரில், நிலம் வெள்ளிவாயல் பக்கம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று எந்த நெல் பட்டம் வந்தாலும் சேறு அடிக்க வேண்டும், அக்கம்பக்கத்து வயல்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கும் ஓட வேண்டும். உழவு இல்லாத நாட்களில் டிரெய்லரில் செங்கல், மண். இத்தனைக்கும் ஒரே வண்டி என்றால் 40க்கும் 50க்கும் இடைப்பட்ட எச்பிதான் சரி. பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு மாஸி ஃபெர்குசன் 241 டிஐ எடுத்திருக்கிறோம்.

பழைய வண்டியின் பெயர் இங்கே வேண்டாம். அதன் இன்ஜின் நன்றாகவே ஓடியது. சம்பா உழவு மும்முரமாக நடக்கும்போது ஹைட்ராலிக் பம்ப் போனது. டீலரிடம் கேட்டால், "வடக்கேயிருந்து வரணும்க்கா, சொல்லியிருக்கு" என்ற ஒரே பதில்தான். வண்டி கொட்டகையில் நின்றது; மாதத் தவணை நிற்கவில்லை. எங்களிடம் சொல்லி வைத்திருந்தவர்கள் வேறு வண்டியைக் கூப்பிட்டார்கள், அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த பட்டத்துக்கும் அந்த வண்டியையே கூப்பிட்டார்கள் பாருங்கள், அந்த நஷ்டத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

அதனால் இந்த முறை ஷோரூம் வாசலை மிதிக்கும் முன்பே ஸ்பேர் கடைகளைச் சுற்றினேன். கிளட்ச் பிளேட், ஹைட்ராலிக் பம்ப், பின் ஆக்சில் ஆயில் சீல், வாட்டர் பம்ப், டீசல் பீய்ச்சும் நாசில் என்று ஒரு துண்டுச் சீட்டு. இந்தச் சாமான் கைவசம் இருக்கிறதா, இல்லையென்றால் எப்போது வரும், கம்பெனி பெட்டி தவிர வேறு நல்ல தயாரிப்பு உண்டா என்று ஒவ்வொரு பிராண்டுக்கும் கேட்டேன். விற்பனைப் பிரதிநிதி சொல்லாததை எல்லாம் கடைப்பையன் சொல்லிவிடுவான். மாஸி, மஹிந்திரா என்றதும் பின்னால் திரும்பி அலமாரியிலிருந்து எடுத்து வைத்தான். சில பெயர்களுக்கு முதலில் போனை எடுத்தான். போனை எடுத்தாலே எனக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

வடசென்னையில் மாஸிக்கு இந்த வசதி இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் மாஸியைத் தயாரிக்கும், 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் ஆலை இங்கே செம்பியத்தில்தான் இருக்கிறது. இந்த வண்டியில் வரும் மூன்று சிலிண்டர் இன்ஜின் சென்னை சிம்சன் கம்பெனியின் தயாரிப்பு. பிஸ்டன் செய்யும் இந்தியா பிஸ்டன்ஸும் செம்பியம்தான், ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பேர்போன லூகாஸ் டிவிஎஸ் பாடியில். இந்த இன்ஜினைப் பிரித்துப் பழகிய கைகள் பெரம்பூர், மாதவரம் பக்கம் நிறைய. பேரிங் மாதிரிச் சாமானுக்குப் பாரிமுனை பக்கம் ஒரு நடை போனால் போதும். திருநெல்வேலியிலோ பஞ்சாபிலோ இருப்பவருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவரவர் ஊரில் எது அலமாரியில் இருக்கிறதோ அதுதான் அவருக்கு நம்பகமான பிராண்ட்.

மாஸி பெயரே கைமாறப் போகிறது, வாங்காதே என்றும் சிலர் பயமுறுத்தினார்கள். வெளிநாடுகளில் மாஸி பெயரை வைத்திருக்கும் அமெரிக்க ஆக்கோ நிறுவனத்தோடு டாஃபேக்கு இருந்த வழக்கு 2025இல் சமரசமாகி, இந்தியாவில் அந்தப் பெயர் டாஃபேக்கே என்று முடிந்துவிட்டது. அதனால் அந்தக் கவலையை விடலாம்.

மஹிந்திரா 575ஐயும் ஓட்டிப் பார்த்தோம். நான்கு சிலிண்டர், 45 எச்பி. தம்பிக்கு அதில்தான் மனசு. அதிலேயே எக்ஸ்பி பிளஸ் வகை என்றால் 6 ஆண்டு வாரண்டி என்று டீலர் அடித்துச் சொன்னார். உண்மைதான், ஆனால் முழு வண்டிக்கும் முதல் 2 ஆண்டுதான், மீதி 4 ஆண்டு இன்ஜினுக்கும் டிரான்ஸ்மிஷனுக்கும். சேற்றில் ஓடும் வண்டியில் அடிக்கடி போவது சீலும் கிளட்ச் பிளேட்டும். தேய்மானச் சாமான் என்று அவற்றை வாரண்டியில் சேர்க்காமல் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வாரண்டிப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள்.

மனதைத் தொட்டது குபோட்டா எம்யூ 4501. சத்தமும் அதிர்வும் அவ்வளவு குறைவு. சேற்றுழவே முழுநேர வேலை என்றால், பக்கத்திலேயே நல்ல டீலரும் இருந்தால், அதைத் தயங்காமல் எடுக்கலாம். எங்களுக்கு டிரெய்லர் வேலையும் பாதி என்பதால் விட்டோம். ஸ்வராஜ் 744ஐ விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை, அன்று மழை.

241 எப்படி? 42 எச்பிக்கு, மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை இழுப்பதில் குறை சொல்ல முடியாது. மூன்று சிலிண்டர் என்பதால் நாசிலும் பிஸ்டனும் மூன்று மூன்றுதான், ஓவர்ஹால் என்று வரும்போது இது பில்லில் தெரியும். ஆனால் சொகுசு எதிர்பார்க்காதீர்கள். குபோட்டாவில் உட்கார்ந்துவிட்டு இதில் ஏறினால் முதுகே வித்தியாசத்தைச் சொல்லும். பிரேக் விஷயத்தில் கறாராக இருங்கள்: டிரை டிஸ்க், எண்ணெயில் மூழ்கிய பிரேக் என்று இரண்டு வகை உண்டு. சேறு அடிப்பவர்கள் இரண்டாவதைக் கேட்டு வாங்க வேண்டும். பவர் ஸ்டீயரிங்கும் அப்படித்தான், விலைப்பட்டியலில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் பக்கத்துக்கு மட்டும் ஒரு விஷயம். கொசஸ்தலை ஆறு பெருகி, 2023 மிக்ஜாம் புயலில் போல ஊருக்குள் தண்ணீர் வந்தால் கார்கள் நின்றுவிடும், எல்லோரும் டிராக்டரைத்தான் கூப்பிடுவார்கள். ஆக்சிலுக்கு மேல் தண்ணீரில் ஓட்டிவிட்டு வந்தால் கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அப்படியே ஓட்டினால் பேரிங்கும் பின் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரமும் காலி. எந்த பிராண்டுக்கும் இதே விதி. எண்ணூர்ப் பக்கத்து உப்புக்காற்றும் சேர்வதால், சேற்று வேலை முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி கிரீஸ் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். தம்பி முணுமுணுப்பான், ஆனால் செய்துவிடுவான்.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. டிராக்டர் டயர், டியூப், பல உதிரிபாகங்களுக்கு 18லிருந்து 5. பில் இல்லாமல் மலிவாகத் தருகிறேன் என்ற பேச்சுக்கு இனி மதிப்பே இல்லை. பில்லோடு வாங்குங்கள், டூப்ளிகேட் வந்தால் திருப்பிக் கொடுக்கவாவது முடியும்.

50 எச்பிக்கு மேல் வேண்டும் என்பவர்களுக்கு இந்த விமர்சனம் அவ்வளவாக உதவாது. 2023 ஜனவரியிலிருந்து அந்த வண்டிகளுக்குப் புதிய புகை விதி வந்துவிட்டது, எலக்ட்ரானிக் டீசல் பம்ப், சென்சார் என்று இன்ஜினே மாறிப்போனது. ரிப்பேர் என்றால் ஸ்பேனரோடு லேப்டாப்பும் வர வேண்டும். அந்த லேப்டாப் உங்கள் டீலரிடம் இருக்கிறதா, அதை இயக்கத் தெரிந்த ஆள் உங்கள் வயல்வரை வருவாரா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.