திண்ணைத் தூண் மாற்றிய தச்சர் குழு: ஓர் அனுபவ மதிப்பீடு

காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் பூர்வீக வீட்டின் முன்திண்ணையில் நான்கு தேக்குத் தூண்கள் மங்களூர் ஓட்டுக் கூரையைத் தாங்கி நிற்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன் திண்ணைத் தரையைச் சிமெண்டு பூசி உயர்த்தியபோது தூண்களின் அடிக்கற்கள் உள்ளே புதைந்துவிட்டன. மரத்தைத் தரையின் ஈரத்திலிருந்து பிரித்து வைப்பதற்காகவே முன்னோர் போட்ட கல் அது. அது மூடப்பட்டதும் மழைநீரை மரம் அடியிலிருந்தே உறிஞ்சி, நடுத்தூண்கள் இரண்டும் ஒரு சாண் உயரத்துக்கு உளுத்துப் போயின.

முதலில் வந்து பார்த்த கொத்தனார் ஒருவர், ஒரு சவுக்குக் கழியை முட்டுக் கொடுத்துவிட்டு அரை நாளில் தூணை உருவி, சிமெண்டுத் தூண் எழுப்பிவிடலாம் என்றார். மேலே உத்திரம் எப்படி அமைந்திருக்கிறது என்று அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அதனால் அந்த வேலையை அவரிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு உறவினர் ஒருவர் சொல்லி, பழைய வீடுகளின் மரவேலையை மட்டுமே செய்யும் தச்சர் குழு ஒன்றை அழைத்தோம். மூத்த ஆசாரி ஏணியில் ஏறி, தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் கட்டையான போதிகைக்கு மேலே விரலை வைத்துக் காட்டிய இடத்தில்தான் இந்த வேலையின் ஆபத்து முழுவதும் இருந்தது. உத்திரம் ஒரே மரம் அன்று. இரண்டு மரங்கள் சரியாகத் தூணின் தலையில் வந்து கூடுகின்றன. ஒரு பக்கம் மட்டும் முட்டுக் கொடுத்துத் தூணை எடுத்தால், மறுபக்கத்து உத்திரம் தாங்க ஆளில்லாமல் ஓட்டோடு கீழே வந்துவிடும். தூண்களுக்கிடையே ஆறடி, சுவரிலிருந்து தூண்வரை ஏழடி, தூணுக்கு வெளியே நீளும் இறவாரம் இரண்டடி. ஏழடியில் பாதியின் பாரத்தைச் சுவர் ஏற்றுக்கொள்ளும். இதன்படி ஒரு தூணின் தலையில் மட்டும் ஏறத்தாழ 33 சதுர அடிக் கூரை அமர்ந்திருக்கிறது. ஓடும் சட்டங்களும் உத்திரமுமாகக் கால் டன்னுக்குக் குறையாத பாரம்.

ஆகவே தூணின் இரு பக்கமும் திருகு வைத்த இரும்பு முட்டுகளை நிறுத்தினார்கள். திண்ணையின் உள்ளே இருப்பது நிரப்பு மண் என்பதால், சிமெண்டுத் தரையை நம்பாமல் முட்டுகளின் அடியில் நீளமான பலகைகளைப் பரப்பிப் பாரத்தைப் பிரித்தார்கள்; உத்திரத்தில் தழும்பு விழாதிருக்க மேலேயும் பலகைத் துண்டு வைத்தார்கள். ஒவ்வொரு முட்டும் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக்கப்பட்டு, குறுக்குச் சட்டத்தால் பிணைக்கப்பட்டது. முன்வாசலை அடைத்து, வீட்டிலுள்ளவர்கள் பக்கவாசலையே பயன்படுத்த வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். முதல் நாள் முழுவதும் இந்த ஆயத்தத்திலேயே கழிந்தது. அந்த ஒரு நாளுக்காகவே இவர்களை மனமாரப் பரிந்துரைப்பேன்.

இரு முட்டுகளையும் கால் திருகு, கால் திருகாக மாறி மாறி ஏற்றி, உத்திரம் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், உயர்ந்து தூண் தளர்ந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு மேல் தூக்கினால் ஓடுகள் நெரிந்து உடையும் என்பது ஆசாரியின் கணக்கு. ஓர் ஓடுகூட உடையவில்லை.

மாற்றுத் தூண்களைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் தேடி வாங்கியிருந்தோம். அவை பழைய தூண்களைவிட நான்கு அங்குலம் குட்டை. அடியில் மரத்துண்டு ஒட்டி நீளத்தைச் சரிசெய்யலாம் என்று நான் சொன்னதை ஆசாரி ஏற்கவில்லை. அந்த நான்கு அங்குலத்தையும் புதிய கருங்கல்லுக்கே கொடுத்தார். போதிகையோடு பொருத்திய தூணை இருவர் தாங்கிப் பிடிக்க, கல்லைக் கடைசியாக உள்ளே நகர்த்தி, இடையில் ஈயத் தகடு வைத்துப் பாரத்தை மெல்ல இறக்கினார்கள். இப்போது மரம் தரைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியும்படி கல்லின் மீது நிற்கிறது. முதல் தூண் ஓர் இரவு பாரம் தாங்கிய பிறகே இரண்டாவதைத் தொட்டார்கள்.

குறைகளும் உண்டு. தூண் கீழ்நோக்கிய பாரத்தை மட்டும் தாங்குவதில்லை. பலத்த காற்றில் கூரை மேலே எழும்பாமலும் அது பிடித்துவைக்க வேண்டும். கல்லோடும் உத்திரத்தோடும் தூணைப் பிணைக்கும் எஃகுப் பட்டைகளை நான் கேட்ட பிறகே பொருத்தினார்கள். கரையான் மருந்து அடிப்பது தங்கள் வேலை இல்லை என்று முன்கூட்டியே சொல்லவில்லை. அதற்குத் தனியாக ஆள் பிடிக்க வேண்டியதாயிற்று. மூன்று நாள் என்ற வேலை ஐந்து நாளுக்கு நீண்டது. ஆனால் கூடுதல் நாட்களுக்குக் கூலி கேட்கவில்லை. தூண்களின் விலை நீங்கலாக 38,000 ரூபாய் ஆனது. கொத்தனார் கேட்டதைப் போல இருமடங்குக்கும் அதிகம் என்றாலும், முட்டு வாடகையும் அடிக்கல்லும் அதில் அடக்கம்.

வேலைக்கு முன்பு உத்திரத்தின் கீழே சுவருக்குச் சுவர் அவர்கள் கட்டிய மட்டநூலை அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை பிறந்தபோது பார்த்தேன். உத்திரம் நூலை விட்டு அசையவில்லை. ஓரத் தூண்கள் இரண்டின் அடியையும் சிமெண்டை உடைத்துப் பார்க்க இவர்களையே மீண்டும் அழைத்திருக்கிறேன்.