ரிச்சி தெரு காம்போ கிட்: விளம்பரத்தில் பெயர் இல்லாத பாகங்களை முதலில் பாருங்கள்

"ஐ5 ப்ராசஸர், 16 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 450 வாட் எஸ்எம்பிஎஸ், ஆர்ஜிபி கேபினட்" என்று ஒரே விலையில் வரும் கம்ப்யூட்டர் கிட்கள் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் நன்றாக ஓடுகின்றன. நாமே பூட்டிக்கொள்ளலாம், கேட்டால் கடையிலும் பூட்டித் தருவார்கள். ஆனால் மதர்போர்டு எந்த கம்பெனி, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) எந்த மாடல், எஸ்எஸ்டி எது என்று விளம்பரத்தில் பெரும்பாலும் இருக்காது. விலையைக் குறைப்பதும் அந்த மூன்றில்தான். அதனால் கிட்டை மதிப்பிட அங்கிருந்து தொடங்குவதே சரி.

அதற்கு முன் ப்ராசஸரைப் பற்றி ஒரு வார்த்தை. வெறும் "ஐ5" என்று எழுதியிருந்தால் அதில் தகவலே இல்லை; பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். மலிவு கிட்களில் அடிக்கடி வருவது ஐ5-3470. 2012-ல் வந்த சிப்; நான்கு கோர், நான்கு த்ரெட். அதற்கேற்ற எச்61 போர்டில் டிடிஆர்3 ராம் மட்டுமே போகும். அந்தச் சிப்செட்டில் யுஎஸ்பி 3.0 கிடையாது, சாட்டா வேகமும் 3 ஜிபிபிஎஸ்தான். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இந்தக் கிட்டில் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறார்கள் என்றால் அந்தச் சோதனையைத் தாண்டிப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். லினக்ஸ் போட்டு பில்லிங், டைப்பிங் செய்ய இது போதும். மூன்று நான்கு வருடம் படிக்கப்போகும் பிள்ளைக்கு இதை வாங்கித் தராதீர்கள்.

"புது எச்61 போர்டு" என்று பெட்டியோடு தருவார்கள். போர்டு தகடு புதிதாக இருக்கலாம். ஆனால் அந்தச் சிப்செட் உற்பத்தி என்றோ நின்றுவிட்டது. பெயர் தெரியாத போர்டுகள் பலவற்றில் இருப்பது பழைய போர்டுகளிலிருந்து கழற்றி ஒட்டிய சிப்தான். பயாஸ் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் கிடைக்காது, ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியாது, ப்ராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதியில் ஹீட்சிங்க் இருக்காது.

அதே வேலைக்கு ரைசன் 5 5600ஜி-யோடு ஏ520 அல்லது பி550 போர்டு, இல்லாவிட்டால் ஐ3-12100-ஓடு எச்610 போர்டு என்று கேளுங்கள். இரண்டிலும் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. 12100எஃப் என்று கடைசியில் "எஃப்" இருந்தாலோ, "ஜி" இல்லாத 5600 என்றாலோ தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் டிஸ்ப்ளே வராது. கிட் வாங்கி வீட்டில் பூட்டுபவர்கள் இந்த ஒரு எழுத்தில்தான் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். பழைய ஸ்டாக் ஏஎம்4 (5600ஜி பொருந்தும் சாக்கெட்) போர்டாக இருந்தால் பயாஸ் அப்டேட் செய்யாமல் 5600ஜி ஆன் ஆகாது. அதைக் கடையிலேயே செய்து வாங்குங்கள்.

இனி எஸ்எம்பிஎஸ். கிட்டில் நாம் மிகவும் சந்தேகப்பட வேண்டிய பாகம் இதுதான். பெட்டியில் உள்ள "450 வாட்" என்ற எண்ணை மறந்துவிட்டு, பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12வி என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். லோக்கல் எஸ்எம்பிஎஸ் ஒன்றில் 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12 × 16 = 192 வாட். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது இந்த 12 வோல்ட் வழியில்தான். ஆக அந்த 450 வாட்டில் பாதிகூட நமக்குப் பயன்படாது. 65 வாட் என்று சொல்லப்படும் 5600ஜி முழு வேலையில் 88 வாட் வரை எடுக்கும். அதோடு 170 வாட் ஆர்டிஎக்ஸ் 3060 சேர்ந்தால் 258. போர்டு, ஃபேன், எஸ்எஸ்டிக்கு இன்னொரு 50. அந்த 192 வாட் இதைத் தாங்காது. கேம் நடுவே ரீஸ்டார்ட் ஆகும், அல்லது அணைந்துவிடும். பாதுகாப்புச் சுற்று சரியாக இல்லாத எஸ்எம்பிஎஸ் போகும்போது போர்டையும் சேர்த்துக்கொண்டு போவது உண்டு.

ஒயரையும் பாருங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் ஒயரில் 18ஏடபிள்யூஜி (கம்பித் தடிமன் எண்) என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். 20, 22 என்று எண் ஏறினால் கம்பி மெலிகிறது, லோடில் சூடாகும். மின் திறனுக்கான 80 ப்ளஸ் ப்ரான்ஸ் சான்று, மூன்று வருடத்துக்குக் குறையாத கம்பெனி வாரண்டி, 12 வோல்ட் வழியிலேயே கிட்டத்தட்ட முழு வாட்டும் கிடைப்பது, இந்த மூன்றும் இருந்தால் எடுக்கலாம். பிஐஎஸ் முத்திரைக்குக் கீழே உள்ள ஆர்-எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் அது யாருக்குக் கொடுத்த எண் என்று தெரியும். 5600ஜி மட்டும் என்றால் நல்ல 450 வாட் தாராளம். பின்னால் கார்டு போடும் எண்ணம் இருந்தால் 550. கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழித்துக்கொண்டு விலை சொல்லச் சொல்லுங்கள்.

எஸ்எஸ்டியில் "என்விஎம்இ" (சாட்டாவை விட வேகமான வகை) என்ற சொல்லோடு நின்றுவிடக் கூடாது. எம்.2 வடிவில் சாட்டா எஸ்எஸ்டியும் உண்டு. அது நொடிக்கு 550 எம்பி அளவோடு நின்றுவிடும், சில போர்டுகளில் வேலையே செய்யாது. அடுத்தது உள்ளே இருக்கும் மெமரி செல் டிஎல்சி வகையா, க்யூஎல்சி வகையா என்பது. க்யூஎல்சியில் ஒரு செல்லில் நான்கு பிட் எழுதுவதால் ஆயுள் குறைவு, கேஷ் நிரம்பியதும் எழுதும் வேகம் படுத்துவிடும். ஸ்பெக்கில் டிபிடபிள்யூ (மொத்தம் எத்தனை டிபி எழுதலாம்) என்ற எண்ணைப் பார்த்தால் ஓரளவு புரியும்: 1 டிபி டபிள்யூடி ப்ளூ எஸ்என்570-க்கு 600, அதே அளவு க்ரூஷியல் பி3-க்கு 220. பெயர் மாறாமல் உள்ளே பாகம் மாறுவதும் நடக்கும். 2021-ல் க்ரூஷியல் பி2 அப்படித்தான் டிஎல்சியிலிருந்து க்யூஎல்சிக்கு மாறியது. அதனால் பழைய ரிவ்யூவை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். 5600ஜி பிசிஐஇ 3.0 வரை மட்டுமே தருகிறது. ஜென்4 எஸ்எஸ்டியின் முழு வேகத்துக்காக அதிகம் கொடுப்பது வீண்.

2025 கடைசியில் ராம் விலை ஏறியதிலிருந்து, கழற்றிய சிப்புகளுக்கு மேல் பளபள ஹீட்சிங்க் ஒட்டிய ராம் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. சிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து எஸ்பிடி பக்கத்தில் தயாரிப்பாளர் பெயர், பார்ட் நம்பர், தயாரித்த வாரம் ஆகியவை ஸ்டிக்கரோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். 16 ஜிபி ஒரே குச்சியாக வேண்டாம். 8 ஜிபி இரண்டாகக் கேளுங்கள். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் ராமைத்தான் பயன்படுத்துகிறது. ஒரே குச்சி போட்டால் கிடைக்கும் ஒற்றைச் சேனலில் கேம் வேகம் கண்கூடாகக் குறையும். நான்கு ஸ்லாட் போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் மாட்டுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யாவிட்டால் 3200 ராம் 2400-லோ 2666-லோ ஓடிக்கொண்டிருக்கும்.

பில்லில் "கம்ப்யூட்டர் செட் 1" என்று ஒரே வரி வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பாகமும் மாடல் பெயரோடும் சீரியல் நம்பரோடும் ஜிஎஸ்டி பில்லில் இருக்க வேண்டும். ப்ராசஸர் கம்பெனி பெட்டியோடு வரும் பாக்ஸ் பீஸா, பெட்டியில்லாத டிரேயா என்று கேளுங்கள். பாக்ஸ் பீஸுக்கு மூன்று வருட கம்பெனி வாரண்டி. டிரே என்றால் கடைக்காரர் தருவதுதான்.

பூட்டும்போது ஒரே ஒரு எச்சரிக்கை: கேபினட்டில் போர்டின் ஓட்டைகளுக்கு நேராக மட்டும் ஸ்டாண்டாஃப் (போர்டைத் தாங்கும் சிறு உலோகத் திருகு) இருக்க வேண்டும். ஒன்று கூடுதலாக இருந்தால் போர்டின் அடியில் பட்டு ஷார்ட் ஆகும்.

ஆன் ஆனதும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் எஸ்எஸ்டி ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள். புதியது என்றால் ஒற்றை இலக்கத்தில் இருக்கும். நூற்றுக்கணக்கில் காட்டினால் யாரோ ஓட்டிய சரக்கு. இரவு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நான்கு சுற்று ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் ராமைத் திருப்பிக் கொடுங்கள். பிறகு முழு லோடு கொடுத்துச் சோதிக்கும் ஓசிசிடி அரை மணி நேரம். 5600ஜி-யின் வரம்பு 95 டிகிரி. அதைத் தொட்டால் கூலர் சரியாக உட்காரவில்லை. அதே லோடில் மல்டிமீட்டரை மோலக்ஸ் கனெக்டரின் மஞ்சள், கறுப்பு ஒயரில் வைத்துப் பாருங்கள்: 11.4-க்கும் 12.6 வோல்ட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். கடையின் மாற்றித்தரும் கெடு பெரும்பாலும் ஒரு வாரம்கூட இருக்காது. இவற்றை முதல் இரண்டு நாளிலேயே முடித்துவிடுங்கள்.