வகுப்பாசிரியரா, சிறப்புப் பயிற்றுநரா?

பென்னாகரம் பக்கம் வகுப்பெடுப்பவருக்கு வேலை எவ்வளவு இருந்தாலும் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ்தான். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்புப் பயிற்றுநருக்கு, அந்த வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையம்தான் தலைமையிடம். இன்று ஒரு பள்ளி, நாளை இன்னொன்று, அப்புறம் பள்ளிக்கே வர முடியாத பிள்ளையின் வீடு. அங்கே சட்டைப் பொத்தானைத் தானே போட வைப்பதும் பாடம்தான். அதற்கே ஒரு மாதம் ஆகலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. நம் கைக்கு எது வரும் என்று சொல்ல முடியாது.

சம்பளத்தில் பேச்சே இல்லை, நிரந்தர ஆசிரியர் பணிதான் மேல். வள மையத்தில் பெரும்பாலும் தொகுப்பூதியம். சாதாரண பி.எட். போதாது, இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவும் வேண்டும். அரசு வேலையை விட்டுவிட்டு வரச் சொல்ல மாட்டேன். தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு இருப்பவரா? சரி, சிறப்புக் கல்வி பி.எட். சேருங்கள்.