யெல்லோஸ்டோனில் எங்கே தங்குவது: கெய்சர்களின் பக்கமா, லமார் பள்ளத்தாக்கின் பக்கமா?

நான்கைந்து நண்பர்கள் ஒரே காரில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குக் கிளம்புவதென்றால், முதலில் பேசித் தீர்க்க வேண்டியது எந்தப் பக்கம் தங்குவது என்பதைத்தான். 1872-இல் அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்கா ஏறத்தாழ 8,980 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு விரிந்து கிடக்கிறது. உள்ளே 8 என்ற எண்ணின் வடிவில் ஓடும் முதன்மைச் சாலையின் நீளம் மட்டும் 229 கிலோமீட்டர். அதில் மணிக்கு 72 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட அனுமதி இல்லை. பைசன் என்னும் அமெரிக்கக் காட்டெருதுகளின் கூட்டம் சாலைக்கு வந்துவிட்டால் அந்த வேகமும் கிடைக்காது. தென்மேற்கில் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்னும் கெய்சரை, அதாவது விட்டுவிட்டுப் பீறிடும் வெந்நீர் ஊற்றைச் சுற்றிய பகுதியும், வடகிழக்கில் ஓநாய்களும் பைசன்களும் வாழும் லமார் பள்ளத்தாக்கும் ஒன்றுக்கொன்று இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத தொலைவில் இருப்பதால், ஓரிடத்தில் தங்கிக்கொண்டு தினமும் மற்றதற்குப் போய்வரலாம் என்று போடும் திட்டம் பெரும்பாலும் காரிலேயே கரைந்துவிடும்.

கெய்சர் பக்கத்தின் பெரிய பலம், அங்கே காத்திருப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நிலத்தடிப் பாறையின் வெப்பத்தில் சூடேறிய நீர், மேலே நிற்கும் நீரின் அழுத்தத்தால் கொதிக்க முடியாமல் குறுகலான குழாய் போன்ற பிளவுகளுக்குள் அடைபட்டு, அழுத்தம் சற்றுத் தளர்ந்த கணத்தில் ஒரே மூச்சில் நீராவியாக விரிந்து மேலிருக்கும் நீரைத் தூக்கி எறிவதுதான் கெய்சர். உலகில் இன்று இயங்கும் கெய்சர்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே பூங்காவில் இருக்கின்றன. அவற்றில் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, 32 முதல் 56 மீட்டர் உயரம் வரை பீறிடுகிறது. முந்தைய பீறிடல் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைக் கொண்டே அடுத்ததைக் கணிக்கிறார்கள்: குறுகிய பீறிடலுக்குப் பின் இடைவெளி குறைவு, நீண்டதற்குப் பின் அதிகம்.

ஆனால் ஓல்ட் ஃபெய்த்ஃபுலை மட்டும் பார்த்துவிட்டுக் காருக்குத் திரும்புகிறவர்கள் அந்தப் பக்கத்தின் உண்மையான செல்வத்தைத் தொடாமலே போகிறார்கள். மரப்பலகை நடைபாதையில் ஃபயர்ஹோல் ஆற்றைத் தாண்டி நடந்தால் கிராண்ட் கெய்சர் வரும். முன்கூட்டிக் கணிக்கக்கூடிய கெய்சர்களில் உலகிலேயே உயரமானது இதுதான். 60 மீட்டர் வரை எழும். அதன் முன்னால் போட்டிருக்கும் பெஞ்சுகளில் உட்கார்ந்து பார்த்தால், தட்டையான குளம் மெல்ல மெல்ல விளிம்பு வரை நிரம்புவதும், பக்கத்திலுள்ள டர்பன் என்னும் சிறு கெய்சர் இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை பொங்குவதும் தெரியும். டர்பன் பொங்கும் வேளை நெருங்கும்போதெல்லாம் பெஞ்சுகளில் பேச்சு நின்றுவிடும். நிரம்பிய குளத்தின் மேற்பரப்பில் சட்டென்று அலைகள் பரவினால் கிராண்ட் எழப்போகிறது என்று பொருள். அலைகள் அடங்கிவிட்டால் இன்னொரு சுற்றுக் காத்திருக்க வேண்டியதுதான். கெய்சர்களையே ஆண்டுக்கணக்கில் கவனித்து, நேரங்களைக் குறிப்பேட்டில் பதிந்துவரும் ஆர்வலர்கள் பலர் அங்கே இருப்பார்கள். கேட்டால் மகிழ்ச்சியோடு விளக்குவார்கள், கட்டாயம் கேளுங்கள்.

நண்பர்கள் குழுவுக்கு இந்தப் பக்கத்தில் இன்னொரு வசதி உண்டு. காத்திருக்கப் பிடிக்காதவர் கேஸில் கெய்சர் வரை நடந்துவரலாம், களைத்தவர் 1904-இல் கட்டி முடித்த மரவிடுதியின் கூடத்தில் உட்காரலாம், பிறகு குறித்த நேரத்தில் எல்லோரும் ரிவர்சைட் கெய்சர் முன் கூடிக்கொள்ளலாம். அது எழுவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே அதன் கூம்பிலிருந்து நீர் வழியத் தொடங்கிவிடும் என்பதால் ஏமாற்றம் அரிது. ஆற்றின் மேல் சாய்ந்தெழும் அந்த வளைவில் வெயில் பட்டால் வானவில்லும் கிடைக்கும். கொஞ்சம் நடக்கத் தயாரானவர்களுக்கு லோன் ஸ்டார் கெய்சர் பாதையை நான் முதலில் சொல்வேன். போய்வர 7.7 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம், ஆற்றோரம். ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழும் அந்த கெய்சரைப் பார்த்தவர்கள் நேரத்தைக் குறித்துவைக்க அங்கே ஒரு பதிவேடு இருக்கும். கிராண்ட் பிரிஸ்மாட்டிக் என்னும் வெந்நீர் ஊற்றின் நிறங்களை மேலிருந்து காட்டும் பாதையும் நல்லதுதான். ஆனால் கரடிகளின் நடமாட்டம் கருதி மே மாத இறுதி வரை அதை மூடி வைத்திருப்பார்கள்.

கூட்டம்தான் இந்தப் பக்கத்தின் குறை. கோடையில் காலை ஒன்பதரை மணிக்கு மேல் வண்டி நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். ஆபத்தும் இருக்கிறது. வெந்நீர்ப் பகுதிகளில் தரை சில இடங்களில் மெல்லிய ஓடு மட்டுமே. வெந்நீரில் விழுந்து வெந்து இறந்தவர்கள் இருபது பேருக்கு மேல். 2024 ஜூலை 23-ஆம் தேதி இதே பக்கத்திலுள்ள பிஸ்கட் பேசின் என்னும் வெந்நீர்ப் பகுதியில் நிகழ்ந்த நீராவி வெடிப்பு நடைபாதையையே சிதைத்தது. அங்கே நின்றிருந்தவர்கள் காயமின்றித் தப்பினார்கள். படம் எடுப்பதற்காகப் பலகையை விட்டு இறங்கும் நண்பர் ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால், அவரை விடுதியிலேயே எச்சரித்துவிடுங்கள்.

லமார் பள்ளத்தாக்கின் இயல்பு முற்றிலும் வேறு. 1926-க்குள் பூங்காவின் ஓநாய்களை அடியோடு கொன்று தீர்த்தார்கள். 1995-இலும் 1996-இலும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்தார்கள். முதலாண்டு வந்தவற்றை லமார் பகுதியில் வேலியடைப்புகளில் சில வாரங்கள் பழக்கிய பிறகே திறந்துவிட்டார்கள். பைசன்களின் கதையும் இதற்குக் குறைந்ததன்று. 1902-இல் பூங்காவில் இரண்டு டஜன் அளவுக்கே மிஞ்சியிருந்த அந்த விலங்கு, இன்று ஆயிரக்கணக்கில் அங்கே மேய்கிறது. ஜூலை நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இணைசேரும் காலத்தில் ஆண் பைசன்களின் உறுமல் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். அழிவின் விளிம்பைத் தொட்டு மீண்ட உயிர்களைச் சாலையோரத்தில் நின்று பார்க்க முடிகிறது என்பதற்காகவே இந்தப் பக்கத்தின் மேல் எனக்கு அளவற்ற மதிப்பு.

ஆனால் இங்கே எந்த நேர அட்டவணையும் கிடையாது. விடியலுக்கு முன்பே எழுந்து, குளிரில் சாலையோர நிறுத்தத்தில் நின்று, ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள மலைச்சரிவை ஸ்கோப் என்னும் தாங்கியில் பொருத்திய தொலைநோக்கி வைத்துத் துழாவ வேண்டும். சாதாரண பைனாகுலரில் ஓநாய் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். ஒரு நல்ல ஸ்கோப்பை வாடகைக்கு எடுத்து ஐந்து பேர் செலவைப் பகிர்ந்துகொள்வது அறிவுடைமை. அப்படியும் இரண்டு விடியற்காலைகள் வீணாகலாம். அதைப் பொறுக்காத ஒருவர் குழுவில் இருந்தால் மற்றவர்களின் பொறுமையும் கெடும். கெய்சர் பக்கத்தைப்போல் இங்கே ஆளுக்கொரு திசையில் பிரிந்து போகவும் முடியாது. கிரிஸ்லி கரடிகள் வாழும் இடம் என்பதால் மூன்று பேருக்குக் குறையாமல், பேசிக்கொண்டே, கைக்கெட்டும் இடத்தில் கரடியை விரட்டும் ஸ்பிரேயோடு நடக்க வேண்டும் என்பது பூங்காவின் அறிவுரை. கரடிக்கும் ஓநாய்க்கும் 91 மீட்டர், பைசனுக்கும் எல்க் மானுக்கும் 23 மீட்டர் இடைவெளி விடுவது சட்டம். ஒன்றாகவே நடந்து ஒன்றாகவே காத்திருக்க விரும்பும் நெருங்கிய நண்பர்களுக்கு இந்தக் கட்டுப்பாடே இன்பமாக இருக்கும். அவர்கள் ட்ரௌட் ஏரிக்கு ஏறும் சிறிய பாதையை விடக்கூடாது. ஜூன், ஜூலையில் முட்டையிடுவதற்காக ஏரியில் விழும் ஓடைக்குள் மீன்கள் ஏறிவரும். அவற்றைத் தேடி நீர்நாய்களும் வருவதுண்டு.

ஒரு பக்கத்தை மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும் என்றால், முதல்முறை போகிறவர்களுக்கு நான் கெய்சர் பக்கத்தையே சொல்வேன். ஃபயர்ஹோல் கரையிலும் பைசன்கள் மேய்கின்றன, எல்க் மான்கள் வருகின்றன. பாதி வழியில் உள்ள ஹேடன் பள்ளத்தாக்கில் கரடியைக்கூடப் பார்க்க வாய்ப்புண்டு. லமாரிலோ கெய்சர் எதுவும் இல்லை. நான்கு இரவுகள் கிடைத்தால் முதல் இரண்டைத் தென்மேற்கிலும் அடுத்த இரண்டை வடக்கே பூங்கா எல்லையிலுள்ள ஊர்களான கார்டினரிலோ குக் சிட்டியிலோ கழிப்பது நல்லது. இடம் மாறும் நாளில் வழியிலுள்ள நாரிஸ் என்னும் கெய்சர் பகுதிக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். உலகின் மிக உயரமான கெய்சரான ஸ்டீம்போட் அங்கேதான் இருக்கிறது, ஆனால் அது எப்போது எழும் என்று யாராலும் கணிக்க முடியாது.

குளிர்காலத்தில் இந்தத் தேர்வு அப்படியே தலைகீழாகும். நவம்பர் தொடக்கம் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை உட்சாலைகளில் சாதாரணக் கார்களுக்கு அனுமதி இல்லை; டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை பனிவண்டிகளில்தான் ஓல்ட் ஃபெய்த்ஃபுலுக்குப் போக முடியும், அதற்குச் செலவும் அதிகம். கார்டினரிலிருந்து லமார் வழியாகக் குக் சிட்டிக்குச் செல்லும் சாலை மட்டும் ஆண்டு முழுவதும் கார்களுக்குத் திறந்திருக்கும். வெண்பனியின் மேல் ஓநாய்களை எளிதில் அடையாளம் காணலாம் என்பதால், ஜனவரியில் போகும் குழுவுக்கு வடக்கே அறை எடுக்கச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.