டவுன்பைப் ஃப்ரீங்ணா

பொல்யூஷன் சர்டிபிகேட் எடுக்கிற இடத்தில் இருந்த பையன் இரண்டு தடவை குழாயைச் செருகி எடுத்தான். மூன்றாவது தடவைக்கு முன்னால் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அண்ணா, வண்டியில கேட் இருக்குதுங்களா?" என்று கேட்டான். கேட் என்றால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், எஞ்சின் புகையில் இருக்கிற நச்சு வாயுக்களைக் குறைக்கிற பாகம்.

பாரத் ஸ்டேஜ் 4 என்கிற பிஎஸ்-4 புகை விதிப்படி, பெட்ரோல் கார் ஐட்லிங்கில் நிற்கும்போது கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தையும் ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்மையும் தாண்டக் கூடாது. என் வண்டி இரண்டிலும் எகிறியிருந்தது. அதுவரைக்கும் 38,000 ரூபாய்க்கு ஒரு சைலன்சர் போட்டேன், இரைச்சல்தான் கொஞ்சம் ஜாஸ்தி என்ற அளவில்தான் என் வருத்தம் இருந்தது.

வண்டி 2016 போலோ ஜிடி டிஎஸ்ஐ, செகண்ட் ஹேண்டில் எடுத்தது. 1.2 லிட்டர் டர்போ, நாலு சிலிண்டர், 105 பிஎஸ் பவர். ஓட்டுவதற்கு அருமை, சத்தம் மட்டும் தையல் மெஷின். செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக்கை வைத்துக்கொண்டிருக்கிற ஊர்க்காரனுக்கு இதெல்லாம் ஒரு மானப் பிரச்சினை. வெளிநாட்டு பிராண்டு எக்ஸாஸ்ட்டுக்கு விலை கேட்டால் லட்சத்தைத் தாண்டியது. கோவையிலேயே பைப் வளைத்துச் செய்து தருகிற கடை ஒன்றைப் பிடித்தேன். கடைப் பெயரை எழுதவில்லை, இன்பாக்ஸில் கேட்க வேண்டாம்.

நான் ஒன்றும் தெரியாமல் போனவன் இல்லை, அதுதான் எரிச்சல். கேட்-பேக் மட்டும் போதும் என்று தெளிவாகச் சொன்னேன். அதாவது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு அப்புறம் வருகிற குழாயும், சத்தத்தை அடக்குகிற மப்ளரும் மட்டும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டும், வளைவு நசுங்காத மேண்ட்ரல் பெண்ட் வேண்டும், டிக் வெல்டிங் வேண்டும். 304-இல் காந்தம் ஒட்டாது என்று நம்பி, கையில் ஒரு காந்தம்கூட எடுத்துக்கொண்டு போயிருந்தேன். காந்தம் ஒட்டவில்லை. கடைக்காரர் சிரித்தார். "நல்லா செக் பண்ணிக்கங்ணா" என்றார்.

18 எச்பி ஏறும் என்று, வண்டியின் பவரை அளந்து போடுகிற ஒரு டைனோ ஷீட்டையும் காட்டினார். அது ஈசியூவை, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டரை, ரீமேப் செய்த வேறொரு வண்டியின் ஷீட் என்பதை வீட்டுக்கு வந்து போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். ஷீட்டின் மூலையிலேயே போட்டிருக்கிறது. இந்தச் சின்ன டர்போவில் கேட்-பேக் மட்டும் மாற்றினால் பவரில் பெரிதாக ஒன்றும் வராது. சத்தம் வரும், அவ்வளவுதான். அதற்காகத்தான் போனேன் என்பதால் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

வண்டியை லிஃப்டில் ஏற்றியபிறகு வந்தது அந்த வசனம். "அண்ணா, நம்மகிட்ட ஒரு டவுன்பைப் ரெடியா கிடக்குது. உங்களுக்காக ஃப்ரீயா போட்டுத் தர்றேன், சவுண்டு சும்மா கும்முன்னு வரும்." ஃப்ரீ என்றதும் மூளை வேலை செய்யவில்லை. தலையை ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். இந்த எஞ்சினில் டர்போவை ஒட்டி வருகிற டவுன்பைப்புக்குள்தான் கேட்டே இருக்கிறது. கேட்டுக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் இருக்கும். பழைய கேட்டை எடை போட்டு வாங்கவே தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு வெறும் குழாய் இலவசம், அவருக்கு என் கேட் இலவசம்.

மறுநாளே செக் எஞ்சின் லைட் எரிந்தது. திரும்பக் கொண்டுபோனேன். "சென்சார் செட் ஆகலீங்ணா" என்று பத்து நிமிஷம் கீழே புகுந்து ஏதோ செய்து, 800 ரூபாய் வாங்கினார். லைட் அணைந்தது. என்ன செய்தார் என்று பிற்பாடு வேறொரு மெக்கானிக் காட்டினார். கேட்டுக்கு அப்புறம் இருக்கிற ஆக்சிஜன் சென்சாரை ஒரு சின்ன ஸ்பேசர் வைத்துப் புகையிலிருந்து வெளியே தள்ளியிருக்கிறார். சென்சார் ஓரமாக உட்கார்ந்து எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று ஈசியூவுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இல்லையென்றால் பி0420 என்ற கோடு வந்து, கேட் வேலை செய்யவில்லை என்று காட்டிக்கொடுத்திருக்கும்.

சேலத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது பெருந்துறை வருவதற்குள் அவருக்குத் தலைவலி. எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுகிற டேக்கோமீட்டர் 2,400-ஐத் தொட்டதும் காருக்குள் ஊஊ என்று ஒரு உறுமல், காதை அமுக்குகிற மாதிரி. நாலு சிலிண்டர் எஞ்சின் அந்த வேகத்தில் வினாடிக்கு 80 தடவை வெடிக்கிறது. அந்த அலையை அடக்கத்தான் கம்பெனி வண்டியில் ரெசனேட்டர் வைக்கிறார்கள். இவர் அதைக் கழட்டிவிட்டு நேர்க்குழாய் போட்டிருந்தார். ஊருக்குள் ஓட்டிப் பார்த்தால் இது தெரியாது.

மூன்றே மாதத்தில் வெல்டிங் ஓரமெல்லாம் செம்மண் நிறம். கணபதியில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிற மாமாவிடம் காட்டினேன். குழாயில் ஒரு சொட்டு கெமிக்கலை விட்டு, அதில் 9 வோல்ட் பேட்டரியை வைத்தார். சிவந்தது. "இது 202 டா. காந்தம் ஒட்டலைன்னா 304-ன்னு உனக்கு யாரு சொன்னது?" என்றார். 202-இலும் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய மலிவான ரகம், துருவுக்கு அவ்வளவாகத் தாங்காது. கூத்து என்னவென்றால், அசல் 304-ஐ வளைத்தால் வளைவில் காந்தம் லேசாக இழுக்குமாம். அப்படி இழுத்திருந்தால் நான் அதைப் போலி என்று ஒதுக்கியிருப்பேன்.

என் மேல் தப்பில்லை என்று சொல்ல வரவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4)-இன்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட உண்டு. மாட்டுவது ஓனர், கடைக்காரர் இல்லை. கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். நானும் கேட்கவில்லை.

புது டவுன்பைப்புக்கு சர்வீஸ் சென்டரில் சொன்ன விலை, சைலன்சருக்கு நான் கொடுத்ததில் இரண்டு மடங்குக்கு மேல். கடைசியில் உக்கடத்தில் அலைந்து, அடிபட்ட போலோ ஒன்றிலிருந்து கழட்டிய டவுன்பைப்பும் பழைய சைலன்சரும் வாங்கி மாட்டினேன். வாங்கும்போது கேட்டுக்குள் டார்ச் அடித்து, தேன்கூடு மாதிரி கட்டம் முழுசாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் காசு கொடுத்தேன். பொல்யூஷன் பாஸ். வண்டி மறுபடியும் தையல் மெஷின்.

கடைக்காரர் இப்போது போன் எடுப்பதில்லை. 1915-க்கு, நுகர்வோர் உதவி எண்ணுக்கு, கூப்பிட்டபோது அவர்கள் முதலில் கேட்டது பில். ஜிஎஸ்டி போட்டால் விலை ஏறும் என்று அவர் சொன்னதால் நான் பில் வாங்கவில்லை. கையில் இருப்பது ஜிபே ரசீதும், வண்டி எடுத்த அன்று ராத்திரி அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜும்தான். பதினோரு வினாடி: "கழட்டுனதெல்லாம் பத்திரமா எடுத்து வெச்சிருக்கறனுங்ணா, எப்ப வேணும்னாலும் வந்து வாங்கிக்கங்க."