டுவோலிங்கோ லீக்கில் மேலே இருந்தால் பிரெஞ்சு வந்துவிட்டதா? லீக் பட்டியலும் டெல்ஃப் மாதிரித் தாளும்

புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கிற பலருடைய போனில் டுவோலிங்கோ என்ற மொழி கற்கும் ஆப் இருக்கும். சுஃப்ரேன் தெரு அலியான்ஸ் பிரான்சேஸில் கிளாஸுக்குப் போகிறவர்களும் சரி, லாஸ்பேட்டையிலோ முத்தியால்பேட்டையிலோ வீட்டிலிருந்தே படிக்கிறவர்களும் சரி, “எந்த லீக்குல இருக்கீங்க?” என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது சகஜமாகிவிட்டது. ஆப்பின் பாடங்களை இங்கே எடைபோடவில்லை. பார்க்கப்போவது அந்த லீக் பட்டியலை மட்டும்தான்: நம் பிரெஞ்சை இன்னொருவர் பிரெஞ்சோடு வைத்துப் பார்க்க அது உதவுமா, இல்லையென்றால் வேறு எது உதவும்.

முதலில் பட்டியல் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். 30 பேரை ஒரு குழுவில் போடுகிறார்கள். ஒரு வாரத்தில் யார் எவ்வளவு எக்ஸ்பி, அதாவது பாடம் முடித்தால் கிடைக்கும் புள்ளி, சேர்க்கிறார்கள் என்பதுதான் போட்டி. வெண்கலத்தில் தொடங்கி வைரம் வரை 10 படிகள். மேலே நிற்பவர்கள் அடுத்த லீக்குக்கு ஏறுவார்கள், அடியில் இருப்பவர்கள் இறங்குவார்கள். பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்த 30 பேரும் பிரெஞ்சு படிப்பவர்கள் இல்லை. ஒருவர் கொரியன் படிப்பார், ஒருவர் ஸ்பானிஷ் படிப்பார், இன்னொருவர் முதல் பாடத்தில் வணக்கம் சொல்லப் பழகிக்கொண்டிருப்பார். எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

எக்ஸ்பி சேர்கிற விதமும் மொழியறிவோடு ஒட்டவில்லை. இரட்டைப் புள்ளி தரும் சில நிமிடங்கள் அவ்வப்போது கிடைக்கும். அந்த நேரத்தில் ஏற்கெனவே தெரிந்த எளிய பாடத்தை வேகவேகமாகத் தட்டினால் புள்ளி மளமளவென்று ஏறும். இறந்தகாலம் வருகிற ஒரு புதுப் பாடத்தில் நின்று, தப்பு செய்து, யோசித்து முடிப்பவருக்கு அதே நேரத்தில் கிடைப்பது மிகக் குறைவு. ஆக, அந்த வரிசை காட்டுவது இந்த வாரம் யார் எவ்வளவு நேரம் போனோடு இருந்தார், எந்த நேரத்தில் இருந்தார் என்பதை.

அதனால் பட்டியலே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. தொடக்கத்தில், தினமும் உட்கார வேண்டும் என்ற பழக்கம் வராத முதல் இரண்டு மூன்று மாதங்களில், அது நன்றாகவே பிடித்து இழுக்கும். கெடுதல் அதற்குப் பிறகுதான். இடத்தைக் காப்பாற்ற சனி, ஞாயிறு இரவுகளில் பழைய பாடத்தையே திரும்பத் திரும்பச் செய்யத் தோன்றும். கண்டுபிடிப்பது எளிது: எக்ஸ்பி வாரத்துக்கு வாரம் கூடுகிறது, பாடத்திட்டத்தில் நிற்கும் யூனிட் மட்டும் நகரவில்லை என்றால் படிப்பு நின்று விளையாட்டு ஓடுகிறது என்று பொருள். அப்போது செட்டிங்ஸில் புரொஃபைலைப் பிறர் பார்க்க முடியாதபடி மாற்றிவிடலாம். லீக்கிலிருந்து விலகிவிடுவீர்கள். பாடங்களும் ஸ்ட்ரீக்கும் (விடாமல் படித்த நாள் கணக்கு) அப்படியே இருக்கும்.

தமிழ்க் காதுக்குப் பிரெஞ்சில் எங்கே இடிக்கிறது என்பதையும் பட்டியல் சொல்லாது. ஒரு சோதனை செய்து பாருங்கள். மீன், பானம், விஷம் இந்த மூன்றுக்கும் உரிய பிரெஞ்சுச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றுமே ‘புவாசோன்’தான். மீனில் வருவது ‘பாட்டி’யின் ப. பானத்தில் வருவது ‘கம்பம்’ என்னும்போது நடுவில் அதிர்கிற ப. நமக்கு இரண்டும் ஒரே எழுத்து, அதனால் சொல்லின் முதலில் அந்த அதிர்வைக் காது தேடாது. மீனுக்கும் விஷத்துக்கும் வேறுபாடு நடுவில் உள்ள ச-வில்: மீனில் காற்று மட்டும் சீறும், விஷத்தில் தொண்டையும் சேர்ந்து அதிரும். ‘மேலே’, ‘கீழே’ இரண்டும் தமிழில் எழுதினால் ‘தெசு’. கீழே என்பதில் கடைசியில் வருவது நம் உ. மேலே என்பதற்கு நாக்கை ‘ஈ’ சொல்கிற இடத்திலேயே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவிக்க வேண்டும். ஆப்பில் படமோ எழுத்தோ கூடவே இருந்தால், காது கேட்காததைக் கண் ஈடுகட்டிவிடும். புள்ளி முழுதாக வரும், காதின் ஓட்டை அப்படியே இருக்கும்.

எண்களும் அப்படித்தான். பிரெஞ்சில் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். 97 என்பது ‘காத்ர் வேன் தீஸ் செத்’, அதாவது நான்கு இருபது, பத்து, ஏழு. ‘காத்ர் வேன்’ என்று கேட்டதும் கை 8 என்று எழுதிவிடும். ‘தீஸ் செத்’ வருவதற்குள் அதை அடித்து 9 ஆக்கி, 7 போட வேண்டும். அதற்குள் அடுத்த இரண்டு இலக்கம் போய்விடும். ஏ1 எனப்படும் தொடக்க நிலைத் தேர்வின் கேட்டல் பகுதியில் பலர் மார்க்கை விடுகிற இடம் இது.

இதையெல்லாம் சேர்த்து அளக்க இப்போதைக்கு நல்ல கருவி டெல்ஃப் தேர்வின் மாதிரித் தாள். டெல்ஃப் என்பது பிரெஞ்சு மொழித் திறன் தேர்வு, 1985 முதல் இருக்கிறது. ஏ1, ஏ2, பி1, பி2 என நான்கு நிலைகளுக்குத் தனித்தனித் தேர்வு, சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். தேர்வை நடத்தும் பிரான்ஸ் நாட்டு அரசு நிறுவனமே மாதிரித் தாள், ஆடியோ, விடை, திருத்தும் அட்டவணை எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தேர்வுக்குப் பணம் கட்டாமலே தாளைப் பயன்படுத்தலாம்.

கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25, மொத்தம் 100. 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக்கூடாது. 24, 22, 20, 4 என்று எடுத்தால் மொத்தம் 70, ஆனாலும் ஃபெயில். மறுபடி எழுதினால் நான்கையும் சேர்த்தே எழுத வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தெளிவான ஏற்பாடு வேண்டியதில்லை. இரண்டு பேர் 62 வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்ற வரிசையில் ஒருவருக்கு 10, 22, 22, 8. மற்றவருக்கு 22, 12, 6, 22. முதலாமவர் மேல்நிலையில் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்து, இலக்கணத்தையும் கட்டுரையையும் நன்றாகப் படித்தவராக இருக்கக்கூடும். இரண்டாமவர் சொல்தா குடும்பத்தில், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பத்தில், தாத்தா பாட்டி பேசக் கேட்டு வளர்ந்தவராக இருக்கலாம். மொத்தத்தை மட்டும் வைத்து “நானும் நீயும் சமம்” என்றால் இருவருக்கும் வழி தெரியாது. முதலாமவர் பேச ஆள் தேட வேண்டும், இரண்டாமவர் நோட்டு எடுத்து எழுத உட்கார வேண்டும்.

இந்த ஊரில் ஒப்பீடு தப்பிப்போவது பெரும்பாலும் இங்கேதான். லிசேயில், அதாவது பிரெஞ்சு வழிப் பள்ளியில், படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்று வயதிலிருந்து பிரெஞ்சு கேட்கிறது. வாரம் நான்கு மணி நேரம் படிக்கிறவர் அந்தப் பிள்ளையைப் பார்த்து மனம் தளர வேண்டியதே இல்லை. “ஆறு மாசமா படிக்கிறேன்” என்ற கணக்கும் பயன்படாது. வாரம் 3 மணி நேரம் என்றால் ஆறு மாதத்தில் 78 மணி, 10 மணி நேரம் என்றால் 260 மணி. வகுப்பறை நேரத்தில் ஏ1 முடிக்க ஏறத்தாழ 60 முதல் 100 மணி, ஏ2 வரை மொத்தம் 160 முதல் 200, பி1 வரை 360 முதல் 400 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த 78 மணிக்காரர் ஏ1 வாசலில் நிற்பது பின்தங்கல் ஆகாது, நிற்க வேண்டிய இடமே அதுதான்.

மூன்று நான்கு பேர் சேர்ந்து செய்தால் இப்படிச் செய்வது நல்லது. ஆளுக்கொரு நோட்டில் படித்த மணி நேரத்தை எழுதி வாருங்கள், ஆப் நேரத்தைத் தனி வரியில். ஏறக்குறைய ஒரே மணி நேரம் சேர்ந்தவர்கள் ஒரே நாளில், ஒரே தாளை எழுதுங்கள். பி1 என்றால் கேட்டல் 25 நிமிடம், படித்தல் 45, எழுதுதல் 45. கடிகாரம் வைத்துத்தான். ஆடியோ இரண்டு முறை மட்டும், மூன்றாவது தடவை ஓட விட்டால் அந்த மார்க்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தாள் புதிய வடிவமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2020க்குப் பிறகு வந்த வடிவத்தில் கேட்டல், படித்தல் இரண்டிலும் விடையைத் தேர்ந்தெடுத்துக் குறிப்பதுதான். பழைய தாளில் சொந்தமாக எழுத வேண்டிய கேள்விகளும் உண்டு, பி1 படித்தலுக்கு 35 நிமிடம் என்று போட்டிருக்கும். ஜெராக்ஸ் கடைகளில் கைமாறி வருவதில் பழையது கலந்திருக்கும். ஒருவர் பழையது, ஒருவர் புதியது எழுதிவிட்டு மார்க்கை ஒப்பிட்டால் அந்த எண்களுக்கு அர்த்தமில்லை.

எழுதியதைத் திருத்தும்போது மார்க்கோடு நிறுத்தாமல் 100 சொல்லுக்கு எத்தனை பிழை என்று எண்ணுங்கள். பி1இல் குறைந்தது 160 சொல் எழுத வேண்டும். அதில் 24 பிழை என்றால் 100க்கு 15. ஒருவர் 160 சொல், ஒருவர் 200 சொல் எழுதியிருந்தாலும் இந்த எண் ஒப்பிடத் தாங்கும். பிழைகளைப் பிரித்தும் வையுங்கள்: பெயர்ச்சொல்லின் ஆண்பால் பெண்பால் மாறியவை, இறந்தகாலத்தில் துணைவினை மாறியவை, மற்றவை. ‘போனேன்’ என்பதற்கு ‘ஜெ சுயி அலே’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஜே அலே’ என்று எழுதுவது எல்லோரும் செய்வது. அது ஒரே விதி, ஒரு வாரம் உட்கார்ந்தால் குறைந்துவிடும். பால் மாறுவது அப்படி இல்லை. மேசை பெண்பால் என்பதற்குத் தமிழில் பிடிமானமே கிடையாது. சொல்லை அதன் முன்னால் வரும் ‘லெ’ அல்லது ‘லா’வோடு சேர்த்தே மனப்பாடம் செய்தவருக்குத்தான் குறையும். ஒரு வசதியும் நமக்கு உண்டு: ‘நீ’, ‘நீங்கள்’ இரண்டையும் நாள் முழுக்கப் புழங்குகிறவர்களுக்கு ‘தூ’, ‘வூ’ வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பேச்சுக்கு, இரண்டு நிமிடம் போனில் பதிவு செய்து, மூன்று விநாடிக்கு மேல் வாயடைத்து நின்ற இடங்களையும் ஆங்கிலத்துக்குத் தாவிய இடங்களையும் எண்ணினால் போதும். காதுக்குத் தினசரிப் பயிற்சி ஆர்.எஃப்.ஐ. வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி. 10 நிமிட நிகழ்ச்சி, முழு எழுத்து வடிவமும் கிடைக்கும். ஒரு நிமிடத்தை மட்டும் கேட்டு எழுதி, எழுத்து வடிவத்தோடு ஒத்துப் பாருங்கள். மீன், பானம், விஷம் மாதிரிச் சொற்களை ஒருவர் படிக்க மற்றவர் எழுதும் முறையைத் தவிர்க்கவும். படிப்பவரும் தமிழ் நாக்கோடு படித்தால் தப்பு இருவருக்கும் சேர்ந்து பதியும். அகராதியில் உள்ள ஒலிப்பதிவை ஓட விடுங்கள்.

மாதிரித் தாளுக்கு ஒரு குறை உண்டு. ஒவ்வொரு நிலைக்கும் கிடைப்பவை சில மட்டுமே, ஒருமுறை எழுதிய தாள் அளவுகோலாக மறுபடி உதவாது. அதனால் பயிற்சிக்கு அதை எடுக்கவே கூடாது. பயிற்சிக்கு டிவி5மோந்த் என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் இலவசப் பயிற்சிகள் நிலைவாரியாக இருக்கின்றன. டுவோலிங்கோவும் சொல்வளத்துக்கு இருக்கட்டும். மாதிரித் தாளை 50, 60 மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுங்கள். தாளின் மேல் ஓரத்தில் தேதி, அதுவரை படித்த மணி நேரம், நான்கு பகுதி மார்க், 100க்கு எத்தனை பிழை என்று எழுதி ஃபைலில் போட்டுவிடுங்கள். அடுத்த முறை நண்பரின் தாளைப் பார்ப்பதற்கு முன்னால் அதை எடுத்துப் பாருங்கள்.